அட்டச் சூரணத்தின் தரம் பார்க்கும் முறை: சரக்கு எடுப்பது முதல் குப்பி மூடுவது வரை

சுக்கு, நல்லமிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம். வயிற்றுப் பொருமல், பசியின்மை, உண்டது செரிக்காமல் நெஞ்சில் நிற்பது ஆகியவற்றுக்குக் குமரி மாவட்டத்து வைத்தியசாலைகளில் கொடுக்கப்படும் அட்டச் சூரணத்தில் இருப்பவை இந்த எட்டும்தான். ஆயுர்வேதக் கடையில் ஏறக்குறைய இதே மருந்து ஹிங்க்வஷ்டக சூரணம் என்ற பெயரில் இருக்கும். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிற மாவட்டம் இது. இரண்டு மரபும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் விற்கின்றன.

சிறு அளவில் சூரணம் செய்து விற்பவர்களுக்கும், வைத்தியசாலையில் மருந்து கட்டுபவர்களுக்கும், சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேரும் மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பொடித்துக் கலந்த பிறகு செய்யும் சோதனைகளில் பாதி ஊமையாகிவிடும். பெருங்காயத்தில் மைதா இருக்கிறதா என்று கலந்த சூரணத்தில் அயோடின் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சுக்கிலும் மிளகிலும் இயல்பாகவே மாவுச்சத்து நிறைய இருப்பதால் கலப்படமே இல்லாத சூரணமும் நீலமாகத்தான் மாறும். அந்தக் கேள்வியைப் பெருங்காயம் தனியாகக் கையில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஆகவே இங்கே அதிக இடம் சரக்குக்குத்தான்.

கையில் இருக்கவேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 85-ஆம் எண் சல்லடை (கண்ணளவு 180 மைக்ரான்), வலுவான காந்தம், கண்ணாடிக் குவளைகள், அயோடின் கரைசல், வெள்ளை வினிகர். இவ்வளவும் இருந்தால் வாங்கும் இடத்துச் சோதனைகள் அனைத்தையும் முடித்துவிடலாம். சாம்பல் சோதனைக்கு (பொடியை எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுப்பது) கடுஞ்சூடு தரும் மஃபிள் அடுப்பும், சிலிக்கா மூசையும் (எரிக்கும் கிண்ணம்), 0.1 மில்லிகிராம் காட்டும் தராசும் தேவை. அது இல்லாதவர்கள் அந்தப் பகுதியை வெளியே கொடுத்துச் செய்யலாம். ஆனால் அறிக்கையை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பது

மூட்டையின் வாயில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பது மாதிரி ஆகாது. நல்ல சரக்கு மேலேயும் தூசும் உடைசலும் அடியிலும் இருப்பது கடைத்தெருவில் புதிதல்ல. ஐந்து மூட்டை வரை என்றால் எல்லாவற்றிலிருந்தும் எடுங்கள். ஆறு முதல் ஐம்பது வரை என்றால் ஐந்து மூட்டைகளிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கும் மேல் போனால் பத்தில் ஒரு மூட்டை. ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்து, சுத்தமான தாளில் கொட்டிக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கலந்து பிரியுங்கள். 250 கிராம் அளவுக்குக் குறையும் வரை இப்படியே செய்து, பாதியைச் சோதனைக்கும் பாதியை முத்திரையிட்டு வைப்பதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

சுக்கு

"சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்பது எல்லோரும் அறிந்ததே. தோல் சீவாத சுக்கை அப்படியே அரைப்பவர்களுக்கு அந்த வாக்கின் பலன் சாம்பல் சோதனையில் தெரியும். மண் ஒட்டியிருப்பது தோலில்தான்.

சுக்கில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சுண்ணாம்பு. வெள்ளைவெளேரென்று இருக்கும் சுக்கு பூச்சி அரிக்காமலிருக்கவும் பார்வைக்காகவும் சுண்ணாம்பு நீரில் தோய்த்ததாக இருக்கலாம். மேற்பரப்பைச் சுரண்டி அந்தப் பொடியில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். பூசிய சுண்ணாம்பு காற்றில் கார்பனேட்டாக மாறியிருக்கும் என்பதால் நுரைத்துப் பொங்கும். சமையலுக்கு அது பெரிய குற்றமில்லை. மருந்துக்கு வேண்டாம், மொத்தச் சாம்பல் கணக்கையே குழப்பிவிடும்.

இரண்டாவது துளை. குண்டூசித் தலையளவு துளையும், தட்டினால் கொட்டும் மெல்லிய தூளும் இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. மேலே நன்றாக இருக்கும் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை, மூட்டை முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். மூன்றாவது முறிவு. நல்ல சுக்கு சட்டென்று முறியும், முறிந்த இடத்தில் மாவும் குட்டையான நாரும் தெரியும், வாசம் உடனே எழும். வளைந்து கொடுத்தால் ஈரம். நார் மட்டும் நீளமாக இழுபட்டால் முற்றிப்போன இஞ்சி, அதைச் சலித்தால் கப்பிதான் மிஞ்சும்.

உள்ளூரில் உலர்த்தியதை வாங்கும்போது இன்னொன்றையும் முகர்ந்து பாருங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலேயே இஞ்சியையும் காயவைக்க யாருக்காவது தோன்றலாம். புகை வாடை ஏறிய சுக்கு எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் மாறாது. வாடையோடு புகைக்கரியின் நச்சுச் சேர்மங்களும் ஒட்டியிருக்கும்.

ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பு சுக்குக்கு வைத்திருக்கும் வரம்புகள்: மொத்தச் சாம்பல் 6 சதவீதத்துக்கு மிகாமல், அமிலத்தில் கரையாத சாம்பல் 1.5 சதவீதத்துக்கு மிகாமல், ஆல்கஹாலில் கரையும் சத்து 3 சதவீதத்துக்குக் குறையாமல், நீரில் கரையும் சத்து 10 சதவீதத்துக்குக் குறையாமல்.

நல்லமிளகும் திப்பிலியும்

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய கதை. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு பிடி மிளகைப் போட்டால் முற்றிய மணி அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முற்றாத பொக்கு மிளகும் மிதக்கும். மிதப்பவற்றை எடுத்துத் துடைத்து லென்ஸில் பாருங்கள். பப்பாளி விதை முட்டை வடிவில் சுருங்கி, பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். நசுக்கினால் காரம் வராது. மிளகு உருண்டை, சுருக்கம் வலைபோல இருக்கும்; நசுக்கினால் மூக்கு சொல்லிவிடும். மிதந்தது முழுவதும் பொக்காக இருந்தால் அது கலப்படமில்லை, தரக்குறைவு. விலையைக் குறைத்துக் கேட்கலாம், மருந்துக்கு எடுக்க வேண்டாம்.

அதிகமாகப் பளபளக்கும் மிளகைச் சந்தேகியுங்கள். வெள்ளைத் துணியில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணெண்ணெய் நெடியும் வந்தால் கனிம எண்ணெய் தடவியது. மிளகின் அமிலத்தில் கரையாத சாம்பல் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எட்டுச் சரக்கில் மண்ணை மிகச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் வரம்புகளில் இதுவும் ஒன்று.

திப்பிலியை உடைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கதிரின் நடுத்தண்டில் சாம்பல் நிறப் பூசணம் ஒளிந்திருக்கும். வெளியே தெரியாது.

சீரகம், ஓமம், கருஞ்சீரகம்

சீரகத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தால் கை கறுக்கக் கூடாது. கறுத்தால் கரித்தூள் பூசிய புல்விதை. ஓமத்தில் வேறு சிக்கல். தைமால் என்ற வாசப்பொருளை எடுப்பதற்காக எண்ணெய் வடித்த பிறகு காயவைத்த சக்கை ஓமம் பார்வைக்கு நல்ல ஓமம் போலவே இருக்கும், நிறம் மட்டும் சற்று மங்கல். இரண்டு விரலுக்கு நடுவே கசக்கி முகருங்கள். வாசம் மூக்கைத் துளைக்காமல் மெல்ல வந்து போனால் கிளெவெஞ்சர் கருவியில் வாலை வடித்து எண்ணெய் அளவு பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கருஞ்சீரகத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். வெங்காய விதையும் கறுப்பு, அதற்கும் முனைகள் உண்டு. இரண்டையும் தனித்தனியாக நசுக்கினால் கருஞ்சீரகத்தில் எண்ணெய்ப் பசையும் கார வாசமும் வரும், வெங்காய விதையில் வராது. இது கலப்படம். இன்னொன்று கலப்படமே அல்ல. சித்த மருத்துவம் கருஞ்சீரகம் என்று கேட்பது நைஜெல்லா சாட்டைவா. ஆயுர்வேதத் தொகுப்பு கிருஷ்ண ஜீரகம் என்று சொல்வது காரம் கார்வி, சீமைச்சோம்பு. ஒரே சந்தையில் இரண்டு வைத்தியர்களும் சரக்கு எடுக்கும்போது மாறிப்போவது எளிது. உங்கள் உரிமம் எந்தப் பாடத்தில் (மருந்துச் செய்முறையில்) வாங்கப்பட்டதோ அந்தப் பாடத்துச் சரக்கைத் தாவரப் பெயரோடு ரசீதில் எழுதி வாங்குங்கள். மாறிவிட்டால் மெல்படலப் பிரிகைத் தட்டில் (சேர்மங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பட்டைகள் பொருந்தவே பொருந்தாது. பிறகு கடைக்காரரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பெருங்காயம்

எட்டில் விலை கூடியது இதுதான். ஆகவே ஏமாற்றும் இதில்தான் அதிகம்.

மளிகைக் கடை டப்பாவில் வருவது கூட்டுப் பெருங்காயம். மாவும் கருவேலம் பிசினும் சேர்த்துச் செய்வது, லேபிளிலேயே எழுதியிருக்கும், சட்டப்படி சரி. கூட்டுப் பெருங்காயத்தில் ஆல்கஹாலில் கரையும் பகுதி 5 சதவீதம் இருந்தாலே உணவு விதிக்குப் போதும். மருந்துத் தொகுப்போ ஹிங்குவுக்கு, அதாவது பெருங்காயத்துக்கு, 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். டப்பாப் பெருங்காயத்தைப் போட்டுச் சூரணம் செய்தால் எட்டுச் சரக்கில் ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். வாங்க வேண்டியது கலப்பில்லாத பிசின், கடையில் பால்பெருங்காயம் என்று கேளுங்கள்.

வாங்கும் இடத்தில் செய்யக்கூடியவை:

1. மிளகளவு துண்டைத் தண்ணீரில் உரசிக் கரையுங்கள். நல்ல பிசின் பால்போல வெளுக்கும். அடியில் மாவாகவோ கல்லாகவோ படிந்தால் சேர்மானம்.
2. அந்தக் கரைசலில் இரண்டு சொட்டு அயோடின். நீலமானால் மாவு.
3. சிறு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பிசின் கற்பூரம்போலச் சுடர்விட்டு எரியும். கருகிப் புகைந்து நின்றுவிட்டால் மாவும் மண்ணும் அதிகம்.

மூன்றிலும் தேறியதை அளந்தும் பார்க்க வேண்டும். 5 கிராம் நொறுக்கிய பெருங்காயத்தை மூடியுள்ள குடுவையில் 100 மி.லி. ஆல்கஹாலில் போட்டு முதல் 6 மணி நேரம் அடிக்கடி குலுக்கி, அடுத்த 18 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். விரைவாக வடிகட்டி, வடிநீரில் 25 மி.லி. எடுத்து எடைபோட்ட தட்டில் ஆவியாக்கி, 105° செ. சூட்டில் உலர்த்தி நிறுங்கள். மிஞ்சியது எத்தனை கிராமோ அதை 80 ஆல் பெருக்கினால் சதவீதம். வடிகட்டும்போது ஆல்கஹால் ஆவியாகவிட்டால் விடை கூடுதலாக வரும். அதனால்தான் வேகம் முக்கியம். சுக்குக்கும் மற்றவற்றுக்கும் இதே முறைதான்.

பிறகு பொரித்தல். பசுநெய்யில் மிதமான சூட்டில் பொரித்தால் பெருங்காயம் உப்பி, ஆறியபின் விரலில் நொறுங்க வேண்டும். உள்ளே பிசுபிசுப்பு இருந்தால் பொடியில் கட்டி விழும். கறுத்துவிட்டால் வாசமே போய்விடும். நெய் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒட்டிய நெய்யை வடிதாளில் எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சூரணத்தில் சிக்கு வாடை வந்தால் குற்றவாளி பெரும்பாலும் இந்த நெய்தான்.

இந்துப்பு

10 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து வெள்ளைத்தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். கலங்கி வெளுத்து நின்றால் சுண்ணாம்புக் கல் தூள் இருக்கிறது. அடியில் மண் படிந்தால் வடித்துக் காய்ச்சி எடுக்கலாம். உப்பைப் பற்றி முக்கியமாகத் தெரிய வேண்டியது வேறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் உப்புகள் கலந்திருந்தால் இன்னும் முன்பே. இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) துலாம் மழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்கிற நம் மாவட்டத்தில், கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம், அட்டச் சூரணம் கட்டிபிடிப்பதற்குக் காரணம் இதுதான். மருந்து கெட்டுவிட்டதாக வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார். உண்மையில் குப்பியில் நிரப்பிய அன்றே காற்று ஈரமாக இருந்திருக்கிறது. நிரப்பும் அறையில் ஈரப்பதமானி ஒன்றை மாட்டுங்கள். 60 சதவீதத்துக்கு மேல் காட்டும் நாளில் ஏ.சி.யோ ஈரநீக்கியோ போடாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

பொடிப்பதும் கலப்பதும்

ஒவ்வொரு சரக்கையும் தனியாகப் பொடித்து, தனியாகச் சலித்து, சலித்த பிறகே நிறுக்க வேண்டும். எட்டையும் முழுதாக நிறுத்து ஒன்றாகப் போட்டு அரைத்தால் சுக்கின் நார் கப்பியாக வெளியே போய்விடும், உப்பு முழுதாகத் தங்கிவிடும். சமபங்கு என்று எழுதிய மருந்து சமபங்காக இருக்காது. ஒரு கிலோ சூரணத்துக்கு வஸ்திரகாயம் செய்த (துணியில் சலித்த) பொடி ஒவ்வொன்றும் 125 கிராம். சில பாடங்களில் பெருங்காயம் குறைவு, மற்ற ஏழில் ஒன்றின் எட்டில் ஒரு பங்கு என்று வரும். எந்தப் பாடமோ அதையே லேபிளில் எழுதுங்கள்.

சீரகம், ஓமம் இரண்டையும் வாசம் எழும்வரை மட்டும் வறுங்கள். ஈரம் போகவும் அரைபடவும் அது போதும். நிறம் மாற வறுத்தால் எண்ணெய் அடுப்பங்கரையிலேயே மணந்து தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் உலர்த்தும் பெட்டியில் 45 முதல் 50° செ. வரை வைத்தால் போதும். அரவை எந்திரத்தின் கூடு கைபொறுக்காத சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

அரைத்ததும் காந்தம். பாலித்தீன் உறையில் வைத்த காந்தத்தை 100 கிராம் பொடியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறையில் கறுப்பு மயிர்போல ஒட்டினால் எந்திரத்தின் சுத்தியல் தேய்கிறது.

கலக்கும்போது குறைந்த அளவுள்ளதை முதலில் எடுத்து, அதே அளவு இன்னொரு பொடியோடு சேர்த்து, வந்ததோடு அதே அளவு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒட்டும் பெருங்காயத்தைச் சுக்குப் பொடியில் கொஞ்சம் சேர்த்து அரைத்தால் சல்லடையை அடைக்காது. அந்தச் சுக்கையும் கணக்கில் வையுங்கள்.

கலந்த சூரணத்தில் என்ன பார்க்கலாம்

*ஈரம்.* 10 கிராமை எடைபோட்ட தட்டில் பரப்பி 105° செ. சூட்டில் 5 மணி நேரம் உலர்த்தி நிறுங்கள். பிறகு மணிக்கொருமுறை, இரண்டு நிறைகளுக்கு இடையே வித்தியாசம் 0.25 சதவீதத்துக்குக் குறையும் வரை. இதில் ஒரு பொறி உண்டு. ஓமத்தின், சீரகத்தின் எண்ணெயும் அந்தச் சூட்டில் பறந்துவிடும், தராசு அதையும் ஈரமாகவே கணக்கிடும். வாசம் நிறைந்த நல்ல சூரணம் ஈரமானதாகவும், சக்கை ஓமம் போட்ட சூரணம் உலர்ந்ததாகவும் தெரிய வாய்ப்பிருக்கிறது. சந்தேகம் வந்தால் டொலுவீன் வாலை முறையில் நீரை மட்டும் பிரித்து அளக்க வேண்டும்.

*சாம்பல்.* மூசையில் 2 முதல் 3 கிராம் சூரணம், 450° செ. சூட்டுக்கு மிகாமல், கரி இல்லாமல் வெளுக்கும் வரை. இங்கேதான் பலர் பதறுகிறார்கள். சுக்குக்கு 6, மிளகுக்கு 5 என்று படித்தவர் சூரணத்தில் 18 சதவீதம் வந்ததும் மண் கலந்துவிட்டது என்கிறார். கணக்குப் போடுங்கள். உப்பு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், அது எரியாது, அப்படியே சாம்பலில் நிற்கும். மிச்ச ஏழு சரக்கின் சாம்பல் சேர்ந்து ஐந்தாறு. ஆகவே 18 என்பது இயல்பு. உண்மையில், 10 சதவீதம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும், உப்பு குறைந்திருக்கிறது.

மண்ணைக் காட்டுவது அமிலத்தில் கரையாத சாம்பல். அந்தச் சாம்பலை 25 மி.லி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, சாம்பலற்ற வடிதாளில் வடித்து, வெந்நீரால் கழுவி, தாளோடு எரித்து நிறுங்கள். சுத்தமான சரக்கில் இது ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கும். 1.5-ஐத் தாண்டினால் பெருங்காயத்தையும் தோல் சீவாத சுக்கையும் முதலில் விசாரியுங்கள்.

*கலவை ஒன்றுபோல் இருக்கிறதா.* உப்பு கனமானது, வண்டியில் குலுங்கிக் குலுங்கி அடியில் சேரும். அதையே ஒற்றனாக்கலாம். டப்பாவின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் 2 கிராமைத் தனியாகச் சாம்பலாக்கி, வெந்நீரில் கரைத்து வடித்து 100 மி.லி. ஆக்குங்கள். அதில் 20 மி.லி. எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டு, 0.1 நார்மல் வெள்ளி நைட்ரேட்டால் செங்கல் நிறம் நிலைக்கும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளவிடுங்கள். வெள்ளி நைட்ரேட் ஒரு மி.லி.க்கு 5.845 மி.கி. உப்பு. சமபங்குச் சூரணத்தில் 20 மி.லி.க்குள் சுமார் 50 மி.கி. உப்பு இருக்கும், ஆகவே எட்டரை மி.லி. அளவில் செலவாகும். சாம்பல் நீர் காரமாக இருப்பதால் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விழுந்தாலும் கணக்கு பாழ், அதுவே குளோரைடு. சாம்பலாக்காமல் சூரணத்தை நேரடியாக நீரில் கரைத்தால் பழுப்பு நிறம் முடிவுப்புள்ளியை மறைத்துவிடும். மூன்று இடத்து விடையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் கலவை சரி.

*சொல்லாமல் சேர்த்த சோடா.* உடனே ஏப்பம் வந்து நிம்மதியானால் மருந்து பிரமாதம் என்று வாங்குகிறவர் நினைப்பார். அதற்காகவே சமையல் சோடா சேர்த்துவிடுவது உண்டு. சூரணத்தில் வினிகர் விட்டு நுரைத்தால் சோடாவாகவும் இருக்கலாம், சுக்கில் பூசிய சுண்ணாம்பாகவும் இருக்கலாம். பிரித்தறிவது சுலபம். 5 கிராம் சூரணத்தை 50 மி.லி. குளிர்ந்த நீரில் கலக்கி வடிகட்டுங்கள். வடிநீர் வினிகரில் பொங்கினால் சோடா, அது நீரில் கரையும். மேலே நின்ற மண்டி பொங்கினால் சுண்ணாம்பு. சோடாவை லேபிளில் எழுதியிருந்தால் குற்றமில்லை. எழுதாதது இரத்த அழுத்தக்காரருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் கெடுதல், அவர்களுக்கு இந்துப்பே அளவுபார்த்துக் கொடுக்க வேண்டியது.

நிலாவரை (சென்னா) சேர்த்து வயிற்றைக் கழிக்கவைப்பது இன்னொரு குறுக்குவழி. நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, வடித்து, கரிமக் கரைப்பானில் பிரித்தெடுத்து, அம்மோனியா விட்டால் அம்மோனியாப் படலம் இளஞ்சிவப்பாகும். நிலாவரையின் சென்னோசைடுகளில் இரண்டு ஆந்த்ரோன் பகுதிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். கொதிக்கும்போது பெரிக் குளோரைடும் சேர்த்தால்தான் அவை பிரிந்து நிறம் தரும் ஆந்த்ராகுவினோனாக மாறும். அது இல்லாமல் செய்துவிட்டு நிறம் வரவில்லை, நிலாவரை இல்லை என்று அறிக்கை எழுதக் கூடாது.

*நுண்ணோக்கி.* குளோரல் ஹைட்ரேட்டில் தெளியவைத்த பொடியில் சீரகத்தின் பல செல் மயிர்களும் மிளகின் கல்செல்களும் தெரியும். மாவுமணிகளைப் பார்க்க நீரில் தனியாக ஏற்றுங்கள், குளோரல் ஹைட்ரேட் அவற்றைக் கரைத்துவிடும். சுக்கின் மணி பை வடிவம், கூரான முனையை ஒட்டி மையப்புள்ளி. வேறு வடிவ மாவுமணி நிறையத் தெரிந்தால் யாரோ எடையைக் கூட்டியிருக்கிறார்கள்.

*மெல்படலப் பிரிகை.* மிளகு, திப்பிலியின் காரப்பொருளான பிப்பெரினுக்கு டொலுவீனும் எத்தில் அசிட்டேட்டும் 7:3, தைமாலுக்கு 93:7. தட்டில் தூய பிப்பெரின், தூய தைமால், நீங்களே தேறியதென்று ஒதுக்கிவைத்த பழைய தொகுதி, புதிய தொகுதி என நான்கு புள்ளி வையுங்கள். 254 நானோமீட்டர் ஒளியில் பார்த்துவிட்டு அனிசால்டிஹைடு தெளித்துச் சூடாக்குங்கள். பட்டை இருப்பது சரக்கு இருப்பதைச் சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது.

வெளியே அனுப்ப வேண்டியவை

கனஉலோகமும் நுண்ணுயிரும் வீட்டிலோ வைத்தியசாலையிலோ பார்க்கக்கூடியவை அல்ல. மருந்துகள் விதிகள் 1945-இன் (முன்பு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகள்) 160-ஏ முதலான விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்புங்கள். வரம்புகள்: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. உள்ளுக்குக் கொடுக்கும் பொடியில் கிராமுக்கு மொத்த பாக்டீரியா 1,00,000, ஈஸ்ட்டும் பூசணமும் 1,000. இ.கோலை, சால்மோனெல்லா, சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நான்கும் இருக்கவே கூடாது. பூசணம் சுரக்கும் நஞ்சான அஃப்ளாடாக்சினும் கேளுங்கள், திப்பிலியிலும் சுக்கிலும் பூசணம் ஏறும் ஊர் இது.

பாக்டீரியா எண்ணிக்கை கூடுதலாக வந்தால் சூரணத்தை மறுபடி வறுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பேசில்லஸ் இனங்களின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கும், வாசம்தான் தாங்காது. மூலத்தைப் பாருங்கள். கோழி நடமாடும் முற்றத்தில் காயவைத்த சரக்கா, கழுவிய பின் காயாமலே அரைத்ததா என்று. இ.கோலை வந்தால் அந்தத் தொகுதியை அழித்துவிடுவதைத் தவிர வழியில்லை.

லேகியமும் அரிஷ்டமும்

இஞ்சி லேகியம், சீரக வில்வாதி லேகியம் போன்றவற்றில் முதல் சோதனை பதம். தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரைந்து பரவாமல் அடியில் உட்கார வேண்டும், விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும். பதம் இளகினால் நாளாவட்டத்தில் குமிழிவிட்டுப் புளிக்கும், முறுகினால் சர்க்கரை மணல்மணலாகப் பூக்கும். கருப்பட்டி போட்டதாகச் சொல்லும் லேகியத்துக்குக் கருப்பட்டியையே முதலில் சோதியுங்கள், சீனி கலந்த கருப்பட்டி நம் மாவட்டத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. அரிஷ்டங்களில் (ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர்மருந்துகளில்) ஆல்கஹால் தானாக ஊறியதா, எவ்வளவு என்பதை வாலை வடித்து அடர்த்தி பார்த்தே சொல்ல முடியும். மெத்தனால் இல்லை என்ற அறிக்கையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

குப்பி, லேபிள், ஒதுக்கிவைக்கும் மாதிரி

மெல்லிய பாலித்தீன் கவர் பெருங்காயத்தின் வாசத்தை வெளியே விட்டுவிடும், ஈரத்தை உள்ளே விட்டுவிடும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியோ கனமான எச்.டி.பி.இ. டப்பாவோ, வாய்க்கு அலுமினிய முத்திரை. புதிய குப்பி வாங்கும்போதெல்லாம் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். காற்றுப்புகாத பெட்டியில் கரையாத உப்பு அடியில் மிஞ்சும் அளவுக்குச் செறிந்த உப்புநீரை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். நிரப்பி மூடிய குப்பியை நிறுத்து அதற்குள் வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். எடை கூடியிருந்தால் மூடி சரியில்லை.

லேபிளில் சித்த மருந்தா ஆயுர்வேத மருந்தா என்பது, சரக்குகளின் பெயரும் அளவும், தொகுதி எண், செய்த தேதி, பயன்படுத்தும் கெடு, நிகர எடை, செய்தவர் முகவரி, மருந்து உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் அச்சிட்ட பொடி உணவுப்பொருளாக விற்கப்படுவது. நோய் தீர்க்கும் என்று அதன்மேல் எழுத அனுமதியில்லை. வாங்கியதில் சந்தேகம் என்றால் முத்திரை உடைக்காத இன்னொரு குப்பியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சித்த மருத்துவ அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். திறந்த குப்பியிலிருந்து எடுத்த மாதிரி வாதத்துக்கு நிற்காது.

செய்பவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் முழுச் சோதனைக்கு இரண்டு முறை போதும் அளவு மாதிரியை, விற்ற அதே குப்பியில், கெடு தேதி தாண்டும் வரை வைத்திருங்கள். அதோடு சேர்த்து எட்டுச் சரக்கிலும் முழுதாக 50 கிராம். புகார் வரும்போது பொடியிடம் கேட்க முடியாததை அந்தச் சரக்கிடம் கேட்கலாம்.